படுத்தவுடன் எண்ணங்கள் ஓடத் தொடங்குவது ஏன்? காரணம் அறையா, மனமா?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன், வயது 44. ஓராண்டுக்கும் மேலாக இரவில் உறக்கம் சரியாக வருவதில்லை. இது பற்றி நான் படித்த கட்டுரைகள் எல்லாம் கைப்பேசியைத் தள்ளி வையுங்கள், வெதுவெதுப்பான பால் அருந்துங்கள், மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துவிடுகின்றன. மனத்தை எப்படி அமைதியாக வைத்துக்கொள்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஆகவே என் நிலையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். துறையறிவு உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது இரண்டாம் தளத்தில். எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். படுக்கையறையில் ஏ.சி. கிடையாது, மின்விசிறி மட்டுமே. அலுவலகத்திலிருந்து வந்து, சமையலை முடித்து, மகனின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களைக் கவனித்து, பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கும்போது மணி பத்தரை ஆகிவிடும். அதுவரை எந்தக் கவலையும் தலைகாட்டாது. விளக்கை அணைத்ததுமே, 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டிய ஜி.எஸ்.டி. கணக்கில் ஏதேனும் ஒரு பில் விடுபட்டுவிட்டதோ, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைப்பதா, கடன் வாங்குவதா, அன்று மேலாளர் சொன்ன சொல்லுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கிவிடும். கணவர் படுத்த சிறிது நேரத்திலேயே உறங்கிவிடுவார். நான் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, மணி பார்க்கக் கைப்பேசியை எடுப்பேன். பன்னிரண்டரை என்றிருக்கும். ஐந்து மணிக்கு எழ வேண்டுமே, இன்னும் நாலரை மணி நேரந்தானே இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டால் அதன் பிறகு உறக்கம் அறவே போய்விடும். இழந்ததை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டரை வரை படுத்திருக்கிறேன். வேலை சீக்கிரம் முடிந்த நாட்களில் ஒன்பதரைக்கே படுத்தும் பார்க்கிறேன்.

எனக்குப் புரியாத இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, ஹாலில் சோபாவில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்கள் தாமாகச் செருகுகின்றன. சரி, உறக்கம் வந்துவிட்டது என்று எழுந்து படுக்கையறைக்குப் போனால், தலையணையில் தலை பட்டதும் முழு விழிப்பு வந்துவிடுகிறது. மற்றொன்று, லால்குடியில் உள்ள அம்மா வீட்டுக்குப் போனால் கூடத்தில் பாய் விரித்து நான்கைந்து பேருடன் படுக்கிறேன். தெருவிளக்கின் வெளிச்சம் சன்னல் வழியாக விழுகிறது, சாலையில் பேருந்துகள் ஒலியெழுப்பிக்கொண்டு போகின்றன. ஆனாலும் படுத்தவுடன் உறங்கிவிடுகிறேன். மெத்தையும் இருட்டும் தனிமையும் உள்ள இடத்தில் வராத உறக்கம் அங்கே மட்டும் எப்படி வருகிறது? என் சிக்கலுக்குக் காரணம் அறையா, எண்ணங்களா? எதைச் சரிசெய்வதில் தொடங்க வேண்டும்?


பதில்: செங்கல்

அம்மா, நான் கட்டுமானத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மனத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையைப் பற்றிச் சொல்ல முடியும். இன்று இரவு பத்து மணிக்குக் கட்டிலின் மேல் ஏறி நின்று உட்கூரையை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு அறையின் உட்சுவரைத் தொட்டுப் பாருங்கள். கோடைக்காலமாக இருந்தால் வேறுபாடு கைக்கே தெரியும். கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலை உள்வாங்கி, சில மணி நேரம் தாமதித்து, அந்தி சாய்ந்த பிறகுதான் அறைக்குள் வெப்பத்தை இறக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்துவிட்ட பின்பும் உங்கள் அறை சூடாக இருப்பதற்கும், மின்விசிறியைச் சுழலவிட்டால் அனல் இறங்குவதற்கும் இதுவே காரணம்.

இது வெறும் வசதி சார்ந்த செய்தி அன்று. உறக்கம் வர வேண்டுமானால் உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். இரவு முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்குகிறது. அந்த வெப்பத்தை உடல் பெரும்பாலும் கைகால்களின் தோல் வழியாகவே வெளியேற்றுகிறது. உறங்கும் நேரத்தில் கைகளும் பாதங்களும் கதகதப்பாக இருப்பவர்கள், அதாவது அங்கே ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்து வெப்பத்தை வெளியேற்றுபவர்கள், விரைவாக உறங்குகிறார்கள் என்று சுவிட்சர்லாந்தின் பாசெல் ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். சுற்றியுள்ள காற்றே சூடாகவும் ஈரப்பதம் மிகுந்தும் இருந்தால், வியர்வை ஆவியாக வழியில்லாமல் இந்த வேலை தடைபடும். விழிப்பு நீளும்; விழித்திருக்கும் நேரத்தில் மனம் எதையாவது நினைத்துக்கொண்டுதானே இருக்கும்?

வாடகை வீடா, சொந்த வீடா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. சொந்த வீடானால் மாடித் தரையில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். சுண்ணாம்பு அடித்தாலும் பயன் உண்டு, ஆனால் மழைக்குப் பின் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். வாடகை வீடானால் இதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். பகலில் வெயில் படும் சன்னல்களைத் திரையிட்டு மூடி வைத்து, வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்த பிறகு, கொசுவலை அடித்த சன்னல்கள் எதிரெதிரே இரண்டு இருந்தால் இரண்டையும் திறந்து விடுங்கள். ஃபோம் மெத்தை முதுகின் வெப்பத்தை வெளியே விடாது. கோடையில் அதன் மேல் கோரைப்பாயை விரித்துப் படுப்பது நம் ஊருக்குப் பொருந்தும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிப்பதும் உதவும். தண்ணென்ற நீர்தானே உடலைக் குளிர்விக்கும் என்று தோன்றலாம். ஆனால் வெந்நீர் தோலுக்கு ரத்தத்தை இழுத்து வந்து உள்வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, 40 முதல் 42.5 டிகிரி வரையான நீரில் பத்து நிமிடம் குளித்தாலும் உறக்கம் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாக வருகிறது.

லால்குடி வீடு ஓட்டு வீடாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.


பதில்: அமைதிவேளை

வணக்கம். நான் மருத்துவ உளவியல் துறையில் பணிபுரிகிறேன். உறக்கமின்மையால் வருபவர்களை நாள்தோறும் சந்திக்கிறேன். மேலே ஐயா எழுதியவை அனைத்தும் சரியானவை. கோடைக்கு முன் அவற்றைச் செய்துகொள்வது நல்லது. ஆனால் நீங்கள் ஓராண்டுக்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் ஒரு மார்கழியும் தை மாதமும் வந்து போயிருக்கும். அந்தக் குளிரிலும் உறக்கம் வரவில்லையென்றால் வெப்பம் துணைக்காரணம்தான், முதற்காரணம் அன்று.

புரியவில்லை என்று நீங்கள் ஒதுக்கிய அந்த இரண்டு செய்திகளே எனக்கு மிகவும் பயனுள்ளவை. பொதுவாகப் புது இடத்தில் மனிதருக்கு உறக்கம் குறைகிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016இல் நடந்த ஆய்வில், பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு உறங்குபவர்களின் மூளையில் இடப்பகுதி வலப்பகுதியைவிட லேசாக உறங்கி, ஒலிகளைக் கவனித்துக்கொண்டே இருந்தது தெரியவந்தது. உங்களுக்கோ சொந்தப் படுக்கையைவிட்டு விலகினால் உறக்கம் வருகிறது. சோபாவில் வருகிறது, பாயில் வருகிறது. அந்த ஒரு கட்டிலில் மட்டும் வரவில்லை. உறங்கும் ஆற்றல் உங்களிடம் கெட்டுப்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மாங்காயைப் பார்த்ததும் வாயூறுவது போல, அந்தக் கட்டிலில் சாய்ந்ததும் விழித்துக்கொள்வதற்கு உங்கள் உடல் பழகிவிட்டது. எத்தனையோ இரவுகள் அங்கே கணக்குப் போட்டும் கவலைப்பட்டும் மணி பார்த்தும் கழிந்ததால், தலையணையும் இருட்டும் மின்விசிறியின் ஓசையும் சேர்ந்து, ‘இனி யோசிக்கும் நேரம்’ என்பதற்கான அடையாளங்களாக மாறிவிட்டன. அறையா, எண்ணங்களா என்று கேட்டீர்கள். உங்கள் எண்ணங்களே அந்த அறையை இப்படி ஆக்கியிருக்கின்றன. இப்போது அறை எண்ணங்களைக் கிளப்பிவிடுகிறது.

இந்தப் பிணைப்பை அவிழ்க்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்தார். உறக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டுமே கட்டிலுக்குப் போக வேண்டும். கட்டிலில் உறக்கமும் தாம்பத்தியமும் தவிர வேறெதுவும் கூடாது. படுத்து ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகியும் உறக்கம் வரவில்லை என்று தோன்றினால், மணியைப் பார்க்காமல் எழுந்து வேறிடத்துக்குச் சென்று மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்துவிட்டு, உறக்கம் வந்த பிறகே திரும்ப வேண்டும். எத்தனை முறை தேவைப்பட்டாலும் இதையே செய்ய வேண்டும். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். முதல் வாரத்தில் உறக்கம் இன்னும் குறைவதால் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அந்த வாரத்தைத் தாண்டுவதுதான் இதில் கடினமான பகுதி.

ஞாயிறு எட்டரை வரை படுத்திருப்பதையும், ஒன்பதரைக்கே படுப்பதையும் முதலில் நிறுத்துங்கள். உறக்கமின்மை எதனால் தொடங்கியதோ, அதே காரணத்தால்தான் நீடிக்கிறது என்பதில்லை. இதை ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் தெளிவாக எடுத்துக் காட்டினார். வேலைச் சுமையால் தொடங்கியிருக்கலாம். இப்போது அதை நீடிக்கச் செய்வது இழந்ததை ஈடுகட்ட நீங்கள் எடுக்கும் முயற்சிகளே. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து உறக்கத்தின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஞாயிறு காலை எட்டரைக்கு எழுந்தவருக்கு அன்றிரவு பத்தரைக்குப் போதிய அழுத்தம் சேர்ந்திருக்காது. திங்கட்கிழமை வேலையை நினைத்தபடி விழித்துக் கிடக்க அதுவே இடம் தருகிறது.

எண்ணங்களைப் பற்றி இரண்டு செய்திகள். முதலாவது, அவற்றை விரட்ட முயலாதீர்கள். டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லி, நினைவு வரும்போதெல்லாம் மணியடிக்கச் செய்தார், மணி ஒலித்துக்கொண்டேயிருந்தது. உறக்கத்துக்கும் இது பொருந்துமா என்று அவரும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் சோதித்தார்கள். அணிவகுப்பு இசையைக் கேட்டபடி படுத்திருந்தவர்களுள், கூடிய விரைவில் உறங்கிவிடுங்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கே உறக்கம் தாமதமாக வந்தது. விருப்பம்போல் உறங்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் முன்னதாகவே உறங்கினார்கள். மனத்தில் சுமை உள்ள இரவில், உறங்கியே தீர வேண்டும் என்ற முனைப்பு இப்படித்தான் எதிராகத் திரும்புகிறது. ‘இன்னும் நாலரை மணி நேரந்தானே’ என்று நீங்கள் போடும் கணக்கு அந்த முனைப்பின் உச்சம். ஆகவே கைப்பேசி அறைக்கு வெளியே போகட்டும். எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரத்தை வாங்கி, முகப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

இரண்டாவது, எண்ணங்களுக்கு வேறொரு நேரத்தை ஒதுக்குங்கள். உங்கள் நாளை நீங்கள் விவரித்தபடி பார்த்தால், காலை ஐந்து முதல் இரவு பத்தரை வரை உங்களுக்கென்று ஒரு நிமிடம்கூட இல்லை. அன்றாடத்தில் முதன்முதலாகக் கை ஓய்வது கட்டிலில்தான். பகலெல்லாம் காத்திருந்த கவலைகள் அப்போது வராமல் வேறெப்போது வரும்? டெக்சாசின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 இளைஞர்களை உறக்க ஆய்வகத்தில் படுக்க வைத்து 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம், ஒரு சாரார் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினர். மற்றொரு சாரார் ஏற்கனவே செய்து முடித்தவற்றை எழுதினர். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினார்கள். அவர்களுள்ளும் எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு விரைவாக உறக்கம் வந்தது. ஆகவே ‘ஜி.எஸ்.டி.’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள். ‘நாளைக் காலை பத்து மணிக்குக் கொள்முதல் பதிவேட்டில் உள்ள பில்களை போர்ட்டலில் உள்ள பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்’ என்று எழுதுங்கள். நீங்கள் எட்டு மணிவாக்கில், சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, பதினைந்து நிமிடம் எழுதுவது இன்னும் நல்லது. கட்டிலில் உட்கார்ந்து எழுத வேண்டாம்.


பதில்: இரவுப்பணி

சகோதரி, நான் மருத்துவமனையில் செவிலியராக நெடுங்காலம் இரவுப்பணி பார்த்தவள். மேலே இருவரும் விட்டுவிட்ட சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கைப்பேசியின் நீல ஒளியைப் பற்றி எல்லோரும் அச்சுறுத்துகிறார்கள். ஆனால் சமையலறையிலும் ஹாலிலும் எரியும் வெள்ளை டியூப்லைட்டுகள் கண்ணுக்குள் அனுப்பும் ஒளியைப் பற்றி நினைப்பவர்கள் குறைவு. விழித்திரையில் பார்வைக்கான அணுக்கள் தவிர, நீலத்தை ஒட்டிய ஒளியை உணர்ந்து ‘இன்னும் பகல்தான்’ என்று உடல் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பும் அணுக்களும் இருக்கின்றன. அந்தச் செய்தி போகும் வரை, இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்கு மேல் ஹாலில் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சள் நிற விளக்கு ஒன்றை ஓரத்தில் எரிய விடுங்கள். மகனின் படிப்பு மேசைக்குத் தனி விளக்கு இருந்தால் போதும், வீடு முழுவதும் பளிச்சென்று இருக்க வேண்டியதில்லை.

கைப்பேசியைப் பொறுத்தவரை, என் கருத்தில் ஒளியைவிட உள்ளே வருவதுதான் கெடுதல். பாஸ்டனில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் முழு வெளிச்சத்தில் மின்நூல் படித்தவர்களுக்கு, அச்சு நூல் படித்தவர்களைவிட உறக்கம் பத்து நிமிடம்தான் தாமதமானது. உங்களுக்கு இரண்டு மணி நேரம் போகிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் பத்து மணிக்கு ஒரு செய்தி வந்தால், திரையை மஞ்சளாக்கி வைத்திருப்பதால் என்ன பயன்? அந்தக் குழுவை இரவு எட்டு மணிக்கு மேல் ஒலியடக்கி வையுங்கள்.

ஒலியைப் பற்றி ஒன்று. உறங்கும்போதும் மூளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வார்டில் எத்தனை ஓசை இருந்தாலும் உறங்கும் நோயாளி, தன் பெயரை மெல்லச் சொன்னாலே விழித்துக்கொள்வார். ஓசையின் அளவு மட்டுமன்று, அது நமக்கானதா என்பதும் உறக்கத்தைப் பாதிக்கிறது. லால்குடியில் பேருந்து ஒலியெழுப்பினால் அது உங்களுக்கில்லை. அம்மா பார்த்துக்கொள்வார் என்ற நிம்மதியும் அங்கே இருக்கிறது. உங்கள் வீட்டில் மகன் அறைக் கதவு திறக்கும் ஓசையும் மாமனார், மாமியார் இருந்தால் அவர்களின் இருமலும் உங்களுக்கானவை. முடிந்தால் வாரத்தில் சில இரவுகளாவது அந்தப் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொள்ளட்டும். அதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் படுங்கள்.

மாலைக் காபி குடிப்பீர்களா? கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். மதியத்துக்குப் பிறகு நிறுத்திப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கப்போகும் மாற்றங்கள் தொடங்கியிருக்கலாம்; இரவில் திடீரென்று உடல் சூடேறி வியர்ப்பதை அறையின் வெப்பம் என்று நினைத்துக்கொள்ளும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். படுத்ததும் கால் குடைச்சல் எடுத்து, அசைத்தால்தான் நிம்மதி என்றிருந்தால் இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும். தைராய்டையும் பார்த்துவிடுங்கள். குறட்டையும் இடையில் மூச்சுத் திணறலும் உண்டா என்று கணவரைக் கேளுங்கள். உண்டு என்றால் அதற்கான சிகிச்சை வேறு. மருந்துக்கடையில் தாமாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.


மறுமொழி: காவிரிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா ஊகித்தபடி லால்குடி வீடு நாட்டு ஓடு போட்ட வீடுதான். ஆனால் மார்கழியில்கூட எனக்கு இங்கே உறக்கம் வரவில்லை என்பதும் உண்மை. குறட்டை இல்லை என்கிறார் கணவர். கால் குடைச்சலும் இல்லை. காபி மாலை ஐந்தரைக்கு ஒன்று உண்டு, அதை நிறுத்திவிடுகிறேன். ரத்தப் பரிசோதனைக்கு இந்த வாரமே போகிறேன்.

‘அமைதிவேளை’ அவர்களிடம் இரண்டு ஐயங்கள். உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்துக்குப் போகச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு அறைகளே. ஒன்றில் மகன் படிக்கிறான், ஹாலில் மாமனார் படுத்திருக்கிறார். நான் எழுந்து நடந்தால் அவர் விழித்து, ‘என்னம்மா, உடம்புக்கு என்ன?’ என்று கேட்பார். எங்கே போய் உட்காருவது? அடுத்து, ஜி.எஸ்.டி.யையும் கட்டணத்தையும் எழுதி வைத்துவிடலாம். மேலாளர் சொன்ன சொல்லை என்ன செய்வது? அதில் நாளை செய்வதற்கு எதுவும் இல்லையே. அதுதானே திரும்பத் திரும்ப வருகிறது?


பதில்: அமைதிவேளை

இரண்டும் மிகச் சரியான கேள்விகள். நம் வீடுகளின் அமைப்பில் முதல் கேள்வி எப்போதும் வரும். எழுந்து போக வழியில்லாதவர்களுக்கு வேறொரு முறை உண்டு: கட்டிலிலேயே, தலைமாட்டுக்கு எதிர்ப்பக்கமாக, கால்மாட்டில் சுவரில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். படுக்கக் கூடாது. மஞ்சள் நிறச் சிறுவிளக்கின் ஒளியில், ஏற்கனவே படித்த, அடுத்து என்ன என்ற பரபரப்பு இல்லாத ஒரு நூலைப் படியுங்கள். கண் செருகும்போது நூலை மூடிவிட்டுத் தலைமாட்டுக்குத் திரும்புங்கள். முழுமையாக எழுந்து போகும் அளவுக்குப் பயன் தராவிட்டாலும், படுத்தபடியே போராடும் பழக்கத்தை இது வெட்டிவிடுகிறது. மாமனாரிடமும் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். காரணம் தெரிந்திருந்தால் சமையலறையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவதற்குக்கூட வழி பிறக்கலாம்.

மேலாளரின் சொல்லைப் பொறுத்தவரை, நீங்கள் பிரித்துக் காட்டிய வேறுபாடு முக்கியமானது. செய்வதற்கு ஏதேனும் இருக்கும் கவலை பட்டியலில் இடம்பெற்றதும் அடங்குகிறது. செய்ய எதுவும் இல்லாத மனக்காயம் அப்படி அடங்காது. அதற்கு மாலை எழுத்துநேரத்திலேயே தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அவர் என்ன சொன்னார், அது ஏன் வலித்தது, நீங்கள் என்ன சொல்ல விரும்பியிருந்தீர்கள் என்பதை முழு வாக்கியங்களில் எழுதுங்கள். அப்படியும் இரவில் வந்தால், அதை விரட்டாமல், மனத்துக்கு வேறு வேலை கொடுங்கள். ஆலிசன் ஹார்வியும் அவருடைய உடன் ஆய்வாளரும் ஆக்ஸ்போர்டில் 2002இல் செய்த ஆய்வில், உறக்கமின்மை உள்ளவர்களிடம், அமைதியும் இன்பமும் தரும் ஒரு காட்சியை விரிவாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, அவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக உறங்கியதாகத் தெரிவித்தார்கள். எதையாவது நினைத்து மனத்தைத் திருப்புங்கள் என்று பொதுவாக மட்டும் சொல்லப்பட்டவர்களுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. காட்சி விரிவாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். ‘ஆற்றங்கரை’ என்று நினைத்தால் போதாது. அம்மா வீட்டு வாசலில் இறங்கி, எந்தப் பக்கம் திரும்பி, யார் வீட்டைக் கடந்து, எந்தப் படித்துறையில் இறங்குவீர்கள், காலில் முதலில் படுவது மணலா கல்லா, நீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று ஒவ்வோர் அடியாகப் போங்கள். மேலாளரின் சொல்லுக்கு இடமில்லாத அளவுக்கு மனம் நிறைந்துவிடும்.

இனிச் செய்ய வேண்டியது. இரண்டு வாரம் உறக்க நாட்குறிப்பு எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தோராயமாக எப்போது உறங்கினீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், எப்போது எழுந்தீர்கள். இரவில் மணி பார்க்காமல், காலையில் நினைவிலிருந்து எழுதினால் போதும். ஞாயிறு உட்பட எல்லா நாளும் ஐந்து மணிக்கே எழுங்கள். இரண்டு வார முடிவில், நீங்கள் உண்மையில் உறங்கும் சராசரி நேரம் ஐந்தரை மணி என்று வந்தால், சிறிது காலத்துக்குக் கட்டிலில் இருக்கும் நேரத்தையும் ஐந்தரை மணிக்குள் அடக்க வேண்டும். அதாவது பதினொன்றரைக்கு முன் படுக்கக் கூடாது. சராசரி எவ்வளவு குறைவாக வந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போக வேண்டாம். படுத்திருக்கும் நேரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் உறங்கத் தொடங்கிய பிறகு, வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாக முன்னால் நகர்த்திக்கொள்ளலாம். வலிப்பு நோயோ, மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் இருமுனைய மனநோயோ (பைபோலார்) உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. நீங்கள் அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் போகிறவரானால், பகலில் கண் அயரும் அந்த முதல் சில வாரங்களுக்குப் பேருந்தில் போய் வாருங்கள்.

கூடுதல் நேரம் விழித்திருக்கப்போகும் அந்த ஒரு மணி நேரத்தை மகன் பாடத்துக்கோ அலுவலகக் கணக்குக்கோ கொடுத்துவிடாதீர்கள். நாட்குறிப்பும் ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள். படுக்கும் நேரத்தைச் சேர்ந்து கணக்கிடுவோம்.